தலைவர் படம் போட்ட பனியன்

பிப்ரவரி 2

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஊர் திரும்பியதும் எங்கள் நொய்யல் தடகளக் கழகத்தின் ஆண்டு மலரில் ‘நான் கண்ட ஐரோப்பா’ என்ற தலைப்பில் வெளியிட உத்தேசம். அதனால் ஆரம்பத்திலிருந்தே அழகான கையெழுத்தில் எழுதுகிறேன்.

எஸ்டோனியா நாட்டின் தாலின் நகரத்தில் சர்வதேச உள்ளரங்கத் தடகளக் கோப்பை நடக்கிறது. பல நாட்டுக் கழகங்களுக்கு அழைப்பு. திருப்பூரில் இருக்கும் எங்கள் கழகத்துக்கும் வந்தது, ஏனென்றால் எங்களிடம் நவநீதா இருக்கிறாள். எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். இதில் ஒரு பதக்கம் வாங்கினால் தேசியப் பயிற்சி முகாமில் அவளுக்கு இடம் உண்டு. அவளுடைய பயிற்சியாளருக்கும் கூடவே இடம் உண்டு. வயது இருபத்தாறு ஆகிவிட்டது, இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை, வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவளே சொன்னாள்.

கழகத்திலிருந்து மூன்று பேர் போகலாம். ஓடுவதற்கு நவநீதா. மேலாளராக நல்லசிவம், அதாவது எங்கள் தலைவரின் மச்சினன். பயிற்சியாளராக இணைச் செயலாளர் தெய்வசிகாமணி. அது நான்தான்.

தாராபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜெசிந்தா என்று பி.டி. டீச்சர் இருக்கிறார். ஏழாம் வகுப்பிலிருந்து நவநீதாவுக்கு ஓடச் சொல்லித் தருகிறவர் அவர்தான், அவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று கூட்டத்தில் சிலர் பேசினார்கள். நிர்வாக அனுபவம் இல்லாத ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் கழகத்தின் கௌரவம் என்ன ஆவது? அதுவும் அந்த டீச்சர் இரண்டு மாதமாக இந்தப் பெண்ணை வாய்க்கால் கரைச் சரிவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஓடவிடுகிறாராம். மைதானத்தில் சுண்ணாம்பால் சின்ன வட்டம் போட்டுச் செக்குமாடு மாதிரி சுற்றவிடுகிறாராம். விஞ்ஞானம் தெரியாதவர்களிடம் ஒரு வீராங்கனை சிக்கினால் இப்படித்தான்.

விஷயத்தை வீட்டில் சொன்னேன். ருக்குமணி குழம்பைக் கிளறிக்கொண்டே, “ஏனுங்க, நீங்க மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்கறீங்கோ. உங்களையப் போயி கோச்சுன்னு சொன்னா அந்த ஊர்ல நம்புவாங்களா?” என்று கேட்டாள்.

பயிற்சியாளர் ஓடத் தேவையில்லை, ஓடவைத்தால் போதும் என்றேன். (மலரில் ருக்குமணி பேசியது வேண்டாம்.)

பிப்ரவரி 4

பனியன் வந்துவிட்டது. தலைவர் சென்னியப்பன் தம்முடைய பனியன் கம்பெனியிலேயே தைத்து, தாமே மேற்பார்வையிட்டுக் கொடுத்தது. நெஞ்சு முழுக்கத் தலைவரின் முகம். முகத்துக்குக் கீழே கும்பிட்ட கைகள். அதற்கும் கீழே, தேடினால் கிடைக்கிற மாதிரி, கழகத்தின் பெயர். எத்தனை முறை துவைத்தாலும் போகாத பிரிண்ட். பின்பக்கம் காலியாக இருந்தது. அங்கே தம்முடைய படம் போட்டால் என்ன என்று நல்லசிவம் கேட்டார். எண் குத்த இடம் வேண்டும் என்று சொல்லித் தலைவர் மறுத்துவிட்டார்.

“மணி, ஐரோப்பாக்காரன் என்ற மூஞ்சிய, இந்தச் சென்னியப்பன் மூஞ்சியப் பாக்கோணும்ப்பா. ஒருக்கா பாத்துட்டான்னா ஆர்டர் தானா வரும்” என்றார் தலைவர். “அந்தப் புள்ள ஓடற போட்டோ, நம்ம பனியனோட, பேப்பர்ல வந்துருச்சுன்னு வெச்சுக்க, ஏப்ரல் பொதுக்குழுல நீதான் செயலாளரு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையில் மைக் சரிசெய்தும், மாலை எடுத்துக் கொடுத்தும், தலைவர் பேசும்போது முதலில் கைதட்டியும் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன். இப்போதுதான் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

நவநீதா பனியனை விரித்துப் பார்த்தாள். “சார், இத்தச்சோட்டுப் பெரிய படத்துக்கு ஒத்துக்குவாங்களா? விதிமுறையெல்லாம் ஒருக்கா பாத்துக்கச் சொல்லி டீச்சர் சொன்னாங்க.”

“அம்மிணி, நீ ஓட்டத்தைப் பாரு. விதியெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றேன்.

விதி என்ன பெரிய விதி? நம் ஊரில் கபடிக்காரன் முதுகிலும், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையிலும் தலைவர் படம் இல்லாமலா இருக்கிறது? யாராவது எடுக்கச் சொன்னார்களா?

பெட்டி கட்டினேன். வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் போர்த்த ஒரு கட்டுப் பொன்னாடை வைத்ததில் நவநீதாவின் கம்பளிச் சட்டைக்கு இடம் போதவில்லை. ஓடுகிறவளுக்கு எதற்குக் கம்பளி, ஓடினால் சூடு வந்துவிடும்.

பிப்ரவரி 7, தாலின்

குளிர். பேனா எழுதவில்லை. எழுதினாலும் விரல் பிடிக்கவில்லை. நவநீதா இரண்டு பொன்னாடைகளை வாங்கிப் போர்த்திக்கொண்டு தூங்கப் போனாள்.

பிப்ரவரி 8

அரங்கத்தைப் பார்வையிட்டேன். கழுத்தில் ‘பயிற்சியாளர்’ அட்டை தொங்குவதால் எல்லாக் கதவும் திறக்கிறது. இப்படி ஒரு மரியாதை சொந்த ஊரில்கூடக் கிடைத்ததில்லை. கண்ணாடிக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் அட்டை நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

அரங்கம் பெரிது, கூரை போட்டது, உள்ளே சூடு. ஆனால் ஒரு பெரிய குறையைக் கண்டுபிடித்தேன். ஓடுதளத்தின் வளைவு இரண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. வெளிப்பக்கம் ஆள் இடுப்பளவு உயரம், உள்பக்கம் தரையோடு தரை. கான்டிராக்டர் சரியாக மட்டம் பார்க்காமல் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான் போலிருக்கிறது. ஐரோப்பாவிலும் இதெல்லாம் நடக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதிதான். இருந்தாலும் பயிற்சியாளர் என்ற முறையில் என் கடமையைச் செய்ய வேண்டுமே. அங்கே நின்ற ஒரு அதிகாரியிடம் கையைச் சாய்த்துக் காட்டி, “நாட் லெவல்” என்று புகார் சொன்னேன். அவர் என் அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரை அழைத்து, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இருவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நடவடிக்கை எடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நவநீதா அந்தச் சரிவில் ஏதோ பிறந்ததிலிருந்து அங்கேயே ஓடுகிற மாதிரி ஓடிப் பார்த்தாள். மற்ற நாட்டுப் பெண்கள் இரண்டு பேர் வளைவில் தடுமாறினார்கள். இவளுக்குக் கால் பிசகவில்லை. எப்படி என்று கேட்டேன்.

“வாய்க்கால் கரைங்க சார்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஊர் நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது.

எந்நேரமும் போனிலேயே இருக்கிறாள். எதிர்முனையில் அந்த டீச்சர். “உள்ளாற மாட்டிக்காத கண்ணு, சின்ன டிராக்கு, நாலு பக்கமும் அடச்சுருவாங்க. மூணாவது முடியறப்பவே வெளிய வந்துரு.” இப்படியே ஓயாத பேச்சு. வெளிநாட்டுக்கு வந்தும் பயிற்சியாளரான என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 9

என் வாழ்க்கையில் மிக மோசமான நாள்.

இன்று தகுதிச் சுற்று. ஓடுகிறவர்கள் முதலில் அழைப்பு அறை என்ற ஓர் இடத்தில் ஆஜராக வேண்டும். ஷூ, எண், உடை எல்லாவற்றையும் அங்கே சோதிக்கிறார்கள். உயரமான ஓர் அதிகாரியம்மாள் நவநீதாவின் பனியனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். யார் இது என்று கேட்டாள். எங்கள் தலைவர் என்றேன். நாட்டின் தலைவரா? இல்லை, கழகத்தின் தலைவர். இவ்வளவு பெரிய படம் போடக்கூடாது, விளம்பரத்துக்கு உள்ளங்கையளவுக்கும் குறைவாகத்தான் அனுமதி, இப்படியே ஓடினால் தகுதி நீக்கம் என்றாள்.

உடனே பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்தினேன். எங்கள் ஊரில் தாசில்தார் வரைக்கும் வேலை செய்த முறை இது. அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, இன்னொன்று இருக்குமா, கதவருகே நிற்கிற பெண்ணுக்குக் குளிர்கிறது என்று கேட்டாள். கொடுத்தேன். அதை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மேசையிலிருந்து அகலமான கறுப்பு டேப்பை எடுத்துத் தலைவரின் முகத்தின் மேல் நெற்றியிலிருந்து தாடை வரை பட்டை பட்டையாக ஒட்டினாள். கும்பிட்ட கைகளை மட்டும் விட்டுவிட்டாள். கைக்குத் தடையில்லையாம்.

“அம்மிணி, ஓட்டத்துல கொஞ்சம் உரிஞ்சு வந்தாப் பரவால்ல” என்று நவநீதாவின் காதில் சொன்னேன். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு காலை உதறினாள்.

ஓட்டம் ஆரம்பித்தது. வளைவின் ஓரத்தில் பயிற்சியாளர்களுக்கு என்று தனி இடம். அங்கே நின்றேன். எண்ணூறு மீட்டர் என்றால் மைதானத்தை இரண்டு சுற்று என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இரண்டாவது சுற்று முடிந்து கோட்டைத் தாண்டும்போது நவநீதா கடைசியில் இருந்தாள். செயலாளர் பதவி கண்முன்னால் கரைந்தது. அப்படியே வெளியே வந்து தலைவருக்குப் போன் போட்டு, “கடேசிங்கண்ணா. எல்லாம் போச்சுங்க” என்று அழாத குறையாகச் சொன்னேன்.

அரங்கத்துக்குள் ஒரே கூச்சல். ஐந்து நிமிடம் கழித்து நவநீதா மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே வருகிறாள். தன் ஓட்டத்தில் முதலாவதாக வந்து இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டாளாம். இந்த ஊர் ஓடுதளம் சின்னது, எண்ணூறுக்கு நான்கு சுற்றாம்.

“உங்களுக்குத் தெரியாதுங்களா சார்?”

“தெரியும். உன்னைச் சோதிச்சுப் பாத்தேன்” என்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்குள் படம் திருப்பூர் முழுக்கப் பரவிவிட்டது. அரங்கத்தின் இணையப் பக்கத்தில் வெளியான புகைப்படம்: நவநீதா கையை விரித்துக் கோட்டைக் கடக்கிறாள், அவள் நெஞ்சில் தலையில்லாத ஓர் ஆள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். தலை இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை. கழகத்தின் வாட்ஸாப் குழுவில், தலைவருக்கு ஆகாத பொருளாளர் கோஷ்டி, “யாருக்கு அஞ்சலி?” என்று போட்டிருக்கிறது. இன்னொருவன் கைகூப்பிய பொம்மையும் பூவும் வைத்துவிட்டான். தலைவரின் சொந்த அத்தை அவிநாசியிலிருந்து பதறிப்போய் அவர் வீட்டுக்கே காரில் வந்துவிட்டாராம்.

தலைவர் அழைத்தார். “ஏம்ப்பா மணி, ஐரோப்பாவுக்கு என்ற மூஞ்சியக் காட்டறன்னு கூட்டீட்டுப் போயி, என்னையச் சாவக்கொடுத்துட்டியேப்பா. பைனல்ல என்ற மூஞ்சி தெரியோணும். தெரியலீன்னா நீ ஊருக்கே வர வேண்டாம், அங்கயே ஏதாச்சும் தோட்டத்துல பண்ணையம் பாத்துக்க.”

இங்கே தோட்டமெல்லாம் பனிக்கடியில் கிடக்கிறது என்று சொல்லவந்தேன். வைத்துவிட்டார்.

பிப்ரவரி 10

ஓய்வு நாள். எனக்கு ஓய்வில்லை.

நல்லசிவத்துடன் ஆலோசனை நடத்தினேன். மனிதர் வந்ததிலிருந்து அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கைத் தின்றுகொண்டிருக்கிறார். ஆனால் மூளை வேலை செய்கிறது. “மணியண்ணா, கெட்டி டேப்பு ஒட்டுனாத்தான பிரச்சின? வேர்வ பட்டா உரியற மாதிரி லேசான டேப்பா நாமளே ஒட்டி அனுப்பீட்டா? சோதிக்கறப்ப மூடியிருக்கும். ஓடறப்ப அதே கழண்டு விழுந்துரும்.”

அருமையான யோசனை. வரவேற்பு மேசையில் காகித டேப் வாங்கினேன். பனியனை மேசையில் விரித்து, தலைவரின் முகத்தில் நீர் தெளித்துத் துடைத்து, பாதி ஒட்டியும் ஒட்டாமலும் பதமாக ஒட்டினேன். ஊதிப் பார்த்தேன், ஓரம் ஆடியது. நான்காவது சுற்றில் சரியாகத் தலைவர் தரிசனம் தருவார்.

பனியனை நவநீதாவிடம் கொடுத்தேன். விரலால் டேப்பைத் தடவிப் பார்த்தாள். அவளும் இரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள்தான்.

“இது நிக்காதுங்க சார். ஓடறப்ப உரிஞ்சுருச்சுன்னா என்னையத் தூக்கிருவாங்க. நேத்தே சொன்னாங்கல்ல?”

“கடேசி நேரத்துல ஒரு நொடி தெரியறதுதான அம்மிணி. அதுக்குள்ள நீ கோட்டைத் தாண்டிருவ.”

“பதக்கம் வாங்குனாத்தான் டீச்சருங்கூட நான் கேம்புக்குப் போக முடியும். தெரியுமுங்களா?”

“தலைவர் மனசு வெச்சா ஆயிரம் கேம்ப்பு.”

பனியனை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். பதில் பேசாமல் போனதால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சாப்பிடும்போது மட்டும் மனதுக்குள் ஏதோ உறுத்தியது. இந்த ஊர் கறுப்பு ரொட்டி எனக்குச் சேரவில்லை.

பிப்ரவரி 11

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலருக்கு வேண்டியதைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

அழைப்பு அறைக்குப் போகும்முன் நவநீதா தன் போனை என்னிடம் நீட்டினாள். “சார், ஒரே ஒரு உதவிங்க. டீச்சர் வீடியோ கால்ல இருக்காங்க. வளைவுகிட்ட நின்னு இதைய டிராக்கப் பாத்து புடிச்சுக்குங்க. ஸ்பீக்கரப் போட்டு உடுங்க. அவங்க சத்தம் கேட்டாப் போதும்.”

என் போனில் தலைவரைப் பிடித்துவைக்க வேண்டுமே என்றேன். “கையி ரெண்டு இருக்குதுங்களே சார்” என்றாள்.

ஆகவே வளைவில் நான் நின்ற கோலம் இது. இடது கையில் தலைவர், வலது கையில் டீச்சர். கழுத்தில் அட்டை. மற்ற நாட்டுப் பயிற்சியாளர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆறு பெண்கள் வந்து நின்றார்கள். நவநீதாவைப் பார்த்தேன். டேப் இல்லை. முகமும் இல்லை. கும்பிட்ட கையும் இல்லை. வெறும் வெள்ளைப் பனியன், தையல் ஓரமெல்லாம் வெளியே தெரிகிறது. பனியனை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்! நெஞ்சில் எண்ணை மட்டும் குத்தியிருக்கிறாள். தலைவர் உள்ளே போய்விட்டார். அந்த உயரமான அம்மாள் நம் பொன்னாடையைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நின்று தலையாட்டுகிறாள்.

“எங்கய்யா என்ற மூஞ்சி?” என்று இடது கை கத்தியது.

“நவநீ, தோள லூசா உடு கண்ணு” என்றது வலது கை.

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றில் எல்லாரும் நெருக்கிக்கொண்டு உள்பக்கம் பாய்ந்தார்கள். நவநீதா நடுவில் மாட்டிக்கொண்டாள். முன்னால் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. இரண்டாவது சுற்றிலும் அதே கதை. வெளியே வர வழியில்லை. ஒருத்தியின் முழங்கை அவள் விலாவில் இடித்ததைக் கண்ணால் பார்த்தேன்.

“மணி! போனைத் திருப்பு! எவ நம்ம ஆளு? எல்லாரும் ஒரே மாதிரி இருக்கறாளுக!”

“பொறு கண்ணு. இன்னும் பொறு. வளைவுல மேல ஏறாத. நேர் வரட்டும்.”

மூன்றாவது சுற்றின் முடிவில் மணி அடித்தார்கள். கடைசிச் சுற்றுக்கு அடிக்கிற மணியாம். நவநீதா நான்காவது இடத்தில் இருந்தாள். என் பக்கத்து வளைவை நோக்கி வருகிறாள். டீச்சர் ஏதோ கத்துகிறார், ஆனால் அரங்கத்தின் இரைச்சலில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கு எப்படிக் கேட்கும்? போனைக் காதில் வைத்துக் கேட்டேன். “வெளிய வா! இப்ப வா! சரிவுல எறங்கு!”

பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தடுப்புக் கம்பியில் வயிற்றை வைத்துச் சாய்ந்து, “வெளிய வா அம்மிணி! இப்ப வா! எறங்கு! எறங்கு!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சட்டென்று வெளிப்பக்கம் வந்தாள். சரிவின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து அப்படியே இறங்கி ஓடினாள். ஒருத்தியைத் தாண்டினாள். கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியுடன் சரிசமமாக வந்து நெஞ்சை முன்னால் தள்ளி விழுந்தாள்.

மூன்றாவது இடமா, இரண்டாவதா என்று தெரியவில்லை. பெரிய திரையில் பெயர் வரும்வரை மூச்சே விடவில்லை. வந்தது. இரண்டாவது. வெள்ளி.

அழுதுவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சந்தோஷம்தான். நான் ஓடி வாங்கின மாதிரி ஒரு சந்தோஷம். வலது கையில் டீச்சரும் அழுதுகொண்டிருந்தார். “சார், அவ கீழ விழுந்தாளா? கால்ல அடிபட்டுச்சா? பாருங்க சார்” என்றுதான் முதலில் கேட்டார்.

இடது கையைப் பார்த்தேன். காலியாக இருந்தது. கத்தின வேகத்தில் எப்போதோ என் போன் கம்பிக்கு அப்பால் விழுந்து, கவிழ்ந்து கிடந்தது. எடுத்தபோதும் தலைவர் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

பிப்ரவரி 12

காலையில் தலைவரிடம் பேசும்முன் நன்றாக யோசித்து வைத்துக்கொண்டேன்.

“அண்ணா, ஓட்டத்துல ஒரு விதி இருக்குதுங்க. காலு மொதல்ல தாண்டுச்சா, கையி தாண்டுச்சான்னு பாக்க மாட்டாங்க. நெஞ்சு தாண்டறதைத்தான் பாப்பாங்க. அந்தப் புள்ள உங்களைய நெஞ்சோட ஒட்ட வெச்சு ஓடுனாளுங்க. போட்டோவுல நூலளவுதான் வித்தியாசம். உங்க மூக்குதானுங்க மொதல்ல கோட்டைத் தொட்டது.”

“நெசமாவா?” என்றார் தலைவர். “நெஞ்சோடயா?”

பதவி பிழைத்தது. விமானத்தில் நவநீதாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். பதக்கத்தைச் சட்டைப்பைக்குள் வைத்து மூடிக்கொண்டு, போர்வையை இழுத்துத் தூங்கிவிட்டாள்.

பிப்ரவரி 20

பாராட்டு விழா இனிதே நடந்தது. பேருந்து நிலையத்திலிருந்து மண்டபம் வரை பேனர். தலைவர் படம் பெரிது. அடுத்து நல்லசிவம். அடுத்து ‘வெள்ளி தந்த பயிற்சியாளர்’ என்று நான், ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் எடுத்தது. நவநீதாவின் படம் கீழ்மூலையில். அது சற்றுச் சின்னதாகிவிட்டது, பேனர்காரனின் தவறு.

தன் மூக்கைப் பற்றித் தலைவர் அரைமணி நேரம் பேசினார். நான்தான் முதலில் கைதட்டினேன். அந்த டீச்சரும் வந்திருந்தார். நாற்காலி போதாததால் பந்தல் கம்பத்தில் சாய்ந்து நின்றார். நவநீதா மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். அதனால் எனக்குப் பொன்னாடை போர்த்தும்போது மேடையில் வீராங்கனை இல்லாத குறை.

மார்ச் 1

சோதனை.

தேசியப் பயிற்சி முகாமின் இயக்குநர் போன் செய்தார். நவநீதாவுக்கு முகாமில் இடம் உறுதியாம். வாழ்த்துகள் என்றேன். உங்களுக்கும் வாழ்த்துகள் என்றார். போட்டிப் பதிவில் பயிற்சியாளர் என்று என் பெயர்தான் இருக்கிறதாம், ஆகவே அவளுடன் நானும் ஒரு வருடம் முகாமில் தங்கவேண்டுமாம். தினமும் விடியற்காலையில் களத்தில் இறங்க வேண்டும். முதல் வாரமே, சரிவான வளைவில் ஓடும் நுட்பத்தை மற்ற பயிற்சியாளர்களுக்கு நான் ஓடிக் காட்ட வேண்டும். சரிவைப் பற்றி தாலினில் நான் எழுப்பிய கேள்வியை அந்த ஊர் அதிகாரிகள் அவரிடம் சொன்னார்களாம். மிக ஆழமான கேள்வி என்று பேசிக்கொண்டார்களாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏப்ரலில் பொதுக்குழு. நான் பயிற்சியாளரே இல்லை என்று சொன்னால் பொருளாளர் கோஷ்டி சும்மா விடுமா?

ருக்குமணி சந்தோஷப்பட்டாள். “போயிட்டு வாங்கோ. தொப்பையாச்சும் கரையட்டும்.”

நவநீதாவுக்கும் தகவல் போயிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றாள். “டீச்சர் இல்லாம நான் போகலீங்க சார். நீங்க வர்றதா இருந்தா, எனக்கு அந்த எடமே வேண்டாம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

மார்ச் 3

காலையில் தாராபுரம் பக்கம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சரிடம் சரிவு நுட்பத்தைப் பத்து நிமிடத்தில் கேட்டுக்கொண்டு வந்துவிடுவது என்று திட்டம். அது முகாமுக்குப் போகிறவனுக்குப் போதும். விளையாட்டுக்காரன் மாதிரி தெரியவேண்டும் என்று கழகப் பனியனில் மீந்ததை அணிந்துகொண்டேன். தொப்பையின் மேல் தலைவரின் முகம் இழுபட்டு வேறு யாரோ மாதிரி தெரிந்தது. வேர்வை பட்டால் தலைவருக்கு மரியாதையில்லை என்று பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். காரணம் அதுதான்.

டீச்சர் மைதானத்தில் பிள்ளைகளோடு நின்றார். நவநீதாவும் இருந்தாள். வந்த காரணத்தைச் சொன்னேன். டீச்சர் முகம் மாறவில்லை.

“சொல்லித் தர்றேன் சார். மொதல்ல ஒரு எண்ணூறு ஓடிட்டு வாங்க. உங்க காலு எப்பிடின்னு நான் பாக்கணும்ல?”

சுண்ணாம்பு வட்டத்தில் ஓட ஆரம்பித்தேன். பிள்ளைகள் வேலியோரம் வரிசையாக நின்று பார்த்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே கண் இருட்டியது. எண்ணூறுக்கு எத்தனை சுற்று என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். நான்கை முடித்துக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றேன்.

“நிக்காதீங்க சார், பாதிதான் ஆச்சு” என்றார் டீச்சர். “தாலின் டிராக்கு எரநூறு மீட்டர். நம்ம மைதானத்துல அத்தனை எடம் இல்ல, நூறுதான் போட முடிஞ்சுச்சு. எட்டு ஓடணும்.”

ஆறாவதில் விழுந்தேன். நவநீதாதான் ஓடிவந்து தூக்கினாள். தண்ணீர் கொடுத்தாள். இறுகிய பனியனுக்குள் என் நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியே தெரிந்திருக்கும். இந்த வட்டத்தில் அவள் எத்தனை முறை சுற்றியிருப்பாள் என்று அப்போதுதான் நினைத்தேன். வெட்கமாக இருந்தது. எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து முகாம் இயக்குநர் அழைக்கிறார். எப்போது வருகிறீர்கள் என்றார். உடம்பு சரியில்லை, என் உதவியாளர் ஜெசிந்தாவை அனுப்புகிறேன், அவரும் என் மேற்பார்வையில் வளர்ந்தவர்தான் என்று நீளமாக ஒன்று மனதில் தயாராக இருந்தது. ஆனால் மூச்சு வாங்கும்போது நீளமாக எதுவும் சொல்ல முடியாது என்பதைக் கண்டேன்.

“கோச்சு... ஜெசிந்தா டீச்சர்” என்றேன். “நான்... இல்ல.”

அவ்வளவுதான் வந்தது. அவர் புரியாமல் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையேதான் சொன்னேன். பிறகு போனை டீச்சரிடம் கொடுத்துவிட்டு அப்படியே மண்ணில் படுத்துக்கொண்டேன். நவநீதா பக்கத்தில் வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள்.

நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தேன். ருக்குமணி கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏனுங்க, பனியன உள்பக்கமாப் போட்டுட்டு ஊரெல்லாம் சுத்தீட்டு வந்திருக்கறீங்கோ?”

“தெரியும்” என்றேன்.